கையுறை நிலைத்தது, காற்றோட்டமும் நிலைக்க வேண்டும்

இல்ஃபோர்ட், லண்டன்



பல்வலிக்கு ஊரடங்கு தெரியாது. கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, 2020 மார்ச் 25 அன்று இங்கிலாந்தின் தலைமைப் பல் மருத்துவ அதிகாரியிடமிருந்து பல் டாக்டர்களுக்கு ஒரு கடிதம் போனது. வழக்கமான சிகிச்சைகள் அத்தனையும் நிறுத்தம். வலி தாளாமல் போன் செய்தவர்களுக்கு டாக்டர் தர முடிந்தது மூன்றே மூன்று: ஆலோசனை, வலி மாத்திரை, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக். நிலைமை முற்றியவர்கள் மட்டும் அவசரப் பல் சிகிச்சை மையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் 8 வரை இதுதான் நிலை. மருந்துக்கடையில் தற்காலிக அடைப்புப் பசை வாங்கி, கண்ணாடி முன் நின்று தன் பல்லைத் தானே அடைத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பல் மருத்துவத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி? டாக்டரின் முகத்துக்கும் நோயாளியின் வாய்க்கும் நடுவே ஓரடி தூரம் இருந்தால் அதிகம். நோயாளி மாஸ்க் போட வழியில்லை. போதாக்குறைக்கு, பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அந்தச் சூட்டில் பல்லுக்குள் இருக்கும் உயிர்த்திசு கருகிவிடாமலிருக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் எச்சிலோடு கலந்து திவலைகளாகச் சிதறுகிறது. பெரிய துளிகள் நாற்காலியிலும் தரையிலும் விழும், துடைத்துவிடலாம். நுண்ணியவை விழுவதில்லை. அடுக்களையில் மிளகாய் தாளித்தால் கூடத்தில் இருப்பவர் இருமுகிறாரே, அதுபோலக் கண்ணுக்குத் தெரியாமல் காற்றிலேயே சுற்றும்.

அதனால்தான் ஜூனில் கிளினிக்குகள் திறந்தபோது ஒரு விதி வந்தது: இப்படித் திவலை பறக்கும் சிகிச்சை முடிந்ததும் அந்த அறை 60 நிமிடம் காலியாகக் கிடக்க வேண்டும், அதன்பிறகே துடைத்துச் சுத்தம் செய்து அடுத்தவரை அழைக்கலாம்.

அந்தக் கோடையில் என் கடைவாய்ப் பல்லின் அடைப்பு பெயர்ந்து விழுந்தது. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது தொற்றா என்று போனிலேயே விசாரித்தார்கள். துணைக்கு ஆள் கூடாது, சொன்ன நேரத்துக்கு முன்னால் வரவும் கூடாது. டாக்டர் முகத்தில் இறுகப் பொருந்தும் மாஸ்க்கும் அதன்மேல் முகக் கவசமும் அணிந்திருந்தார். ஊசி போட்டு மரத்ததும், துளையிட்ட மெல்லிய ரப்பர் விரிப்பை வாயில் மாட்டி, வேலை செய்ய வேண்டிய அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே எடுத்தார். எச்சில் விரிப்புக்குப் பின்னால் நின்றுவிட்டது. உதவியாளர் அகலமான உறிஞ்சுகுழாயைக் கருவியின் நுனியருகே பிடித்தபடி இருந்தார். டாக்டரின் கை திரும்பும் பக்கமெல்லாம் குழாயும் திரும்பியது. நான் வெளியே வந்ததும் உதவியாளர் கதவைச் சாத்தி, அதில் தொங்கிய பலகையில் மறுபடி எப்போது திறக்கலாம் என்று நேரம் எழுதினார்.

அந்த ஒரு மணி நேரத்தின் விலை பெரிது. நாற்காலி காலியாக இருக்க, வெளியே வரிசை நீண்டது. ஆனால் அறையைப் பூட்டிவைக்கும் நேரத்தைக் குறைக்க ஒரு வழி இருந்தது: காற்றை மாற்றுவது. அறையின் காற்று மணிக்கு 2 முறை மட்டும் மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 138 நிமிடம் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடம். 12 முறை மாறினால் 23 நிமிடம் போதும். இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிகளில் கொரோனாவுக்கு முன்பே இருந்ததுதான். 2020 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பல் மருத்துவ வழிகாட்டு நெறிக் குழு ஒன்று, நல்ல காற்றோட்டமும் வேகமான உறிஞ்சுகுழாயும் ரப்பர் விரிப்பும் இருந்தால் 15 முதல் 30 நிமிடம் போதும் என்று சொன்னது. இங்கே இங்கிலாந்தில் பல கிளினிக்குகள் பழைய வீடுகளை மாற்றி அமைத்தவை. ஜன்னலே இல்லாத அறைகளுக்குக் காற்றுப்போக்கி பொருத்த வேண்டியிருந்தது. அந்தச் செலவு சிறிய கிளினிக்குகளுக்குச் சுமையானது.

பயந்த அளவுக்கு ஆபத்து இருந்ததா? 2020 ஜூனில் அமெரிக்காவில் சுமார் 2,200 பல் டாக்டர்களிடம் நடந்த கணக்கெடுப்பில், அதுவரை தொற்று கண்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் பூர்ணிமா குமார் குழுவினர் 28 நோயாளிகளிடம் ஆராய்ந்தபோது, சிகிச்சையில் தெறித்த திவலைகளில் பெரும்பகுதி கருவியிலிருந்து வந்த தண்ணீரே என்று கண்டார்கள்; எச்சிலின் பங்கு குறைவு. இதைப் படித்துவிட்டு “அத்தனை ஏற்பாடும் வீண்” என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மாஸ்க்கும் உறிஞ்சுகுழாயும் முன்கூட்டிய விசாரிப்பும் சேர்ந்து காத்ததன் பலன் அந்தச் சிறிய எண்ணிலும் இருக்கிறது.

ஒரு நோய் பல் மருத்துவத்தை மாற்றியது இது முதல்முறையல்ல. 1980களுக்கு முன்பு உலகெங்கும் பெரும்பாலான பல் டாக்டர்கள் வெறுங்கையோடுதான் வாய்க்குள் வேலை செய்தார்கள். எய்ட்ஸ் வந்தது. 1986இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பல் மருத்துவத்துக்கெனத் தனி வழிமுறைகளை வெளியிட்டது. கையுறை வழக்கமானது. இன்று கையுறை போடாத டாக்டரிடம் யாராவது வாயைத் திறப்போமா? ஒரு நோய் தந்த பாடம் அப்படி நிலைத்துவிட்டது.

காற்றுக்கு அந்தப் பேறு இன்னும் கிடைக்கவில்லை. 2022இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வாசலில் காய்ச்சல் பார்த்த வெப்பமானி போனது, கதவில் தொங்கிய பலகை போனது. அவை போகட்டும். காற்றோட்டம் போகக் கூடாது. காற்றில் பரவுவது கொரோனா மட்டுமா? காசநோயும் தட்டம்மையும் ஃப்ளூவும் அதே வழியில்தான் வருகின்றன. ஏ.சி. ஓடுகிறது என்பதால் காற்று மாறுகிறது என்று பொருளல்ல. நம் வீடுகளில் சுவரில் மாட்டும் ஏ.சி. பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. கிளினிக்குக்குப் போகும்போது “இந்த அறையில் காற்று எப்படி வெளியேறுகிறது, டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். இருமல் இருந்தால் முன்கூட்டியே போன் செய்து சொல்லுங்கள். புதிதாகக் கிளினிக் கட்டுகிறவர்கள் நாற்காலிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் காற்றுக்கும் ஒதுக்கட்டும். அரசுகள் சிறிய கிளினிக்குகளுக்குக் கைகொடுக்கட்டும்.

அடுத்த தொற்று எந்தப் பெயரில் வந்தாலும், வாயைத் திறக்காமல் பல் வைத்தியம் நடக்காது. அறையின் காற்றை இப்போதே சரிசெய்து வைத்தால், அன்றைக்குக் கிளினிக்குகளைப் பூட்டிப்போட வேண்டிய கட்டாயம் குறையும். வீங்கிய கன்னத்தோடு போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களும் குறைவார்கள்.

அன்புடன்,
உங்கள் மடலாசிரியர்