பதில் வராத கேள்வி

உபுண்டு சர்வர் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும்போது தோன்றும் வலையமைப்புத் திரையில், சப்நெட் என்னும் கட்டத்தில் பழைய பழக்கத்தால் 255.255.255.0 என்று எழுதினால் நிறுவல் நிரல் அதை ஏற்பதில்லை. ஐபி முகவரியின் 32 பிட்டுகளில் முதல் 24 வலையமைப்பையும் எஞ்சிய 8 அதிலுள்ள கருவியையும் குறிக்கின்றன என்பதைச் சாய்கோட்டுக்குப் பின் ஓர் எண்ணால் உணர்த்தும், 1993இல் வகுக்கப்பட்ட 192.168.1.0/24 என்ற வடிவத்தையே அது கேட்கிறது. உடனே பிடிபடுவதால் இது நல்ல பிழை. வேறொரு கருவி ஏற்கெனவே வைத்திருக்கும் முகவரியைப் புதிய சர்வருக்கு எழுதிவிடுவதோ எவரும் தடுக்காத பிழை.

முகவரிகளைக் குறித்த காலத்திற்குக் குத்தகைக்கு விடும் டிஎச்சிபி சேவையிடம் யாருக்கு எது என்ற பதிவேடு உண்டு. மாறாத நிலை முகவரிக்கு நிர்வாகி கோப்பில் எழுதியதே பட்டா. ஒரே மனைக்கு இருவர் பட்டா வைத்திருந்தால், இந்த நிமிடம் கிடைத்த இணைப்பு அடுத்த நிமிடம் அறுந்து, பழுது கம்பியில் இருக்கிறதோ என்று தேட வைக்கும்.

இதற்கான தீர்வு வியக்கத்தக்க எளிமை கொண்டது. ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கண்டறிய, தெருவிலுள்ள அனைவரையும் ஒருசேரக் கேட்கும் ஏஆர்பி என்னும் நெறிமுறையை டேவிட் பிளம்மர் 1982இல் எழுதினார். அதே கேள்வியைக் கொண்டே முகவரிப் பூசலைக் கண்டறியும் வழியை ஸ்டூவர்ட் செஷயர் 2008இல் ஆர்எஃப்சி 5227 என்னும் ஆவணத்தில் வகுத்தார். இந்த முகவரி யாருடையது என்று கருவி ஓரிரு வினாடி இடைவெளியில் மும்முறை கேட்டு, பின்னும் இரண்டு வினாடி காத்திருந்து, பதில் இல்லையென்றால் மட்டுமே அதைத் தனதாக்கிக்கொள்கிறது. கேட்பவரின் ஐபி முகவரிக்கு உரிய இடத்தில் அது பூச்சியங்களையே இடுகிறது. விரும்பும் முகவரியை அங்கே எழுதிவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் பிற கருவிகள் அதை உண்மையென்று குறித்துக்கொண்டு உரியவரை மறந்துவிடக்கூடும். உரிமை உறுதியாகும் வரை பெயர் சொல்லாமல் கேட்கும் இந்தப் பண்பு, வலையமைப்பு நெறிமுறைகளில் காணக்கிடைக்கும் மிக அழகிய நாகரிகம் என்றே சொல்ல வேண்டும்.

புதிய தலைமுறை ஐபிவி6 முகவரிகளுக்கு லினக்ஸ் கருநிரல் இத்தகைய விசாரணையைத் தானே செய்கிறது; இதுவரை பேசிய 32 பிட் ஐபிவி4 முகவரிகளுக்குச் செய்வதில்லை. ஆகவே நிர்வாகிதான் ஆர்ப்பிங் என்னும் கட்டளையை இரட்டிப்பு அறியும் தேர்வோடு இயக்கிக் கேட்க வேண்டும். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது இங்கு ஓரளவே பொருந்தும். இரவில் அணைத்துவைக்கப்பட்ட பிரிண்டரும் மௌனமாகத்தான் இருக்கும், காலையில் எழுந்து தன் முகவரியைக் கேட்கும். ஆதலால் டிஎச்சிபி வழங்கும் எண் வரிசைக்கு வெளியே முகவரியைத் தேர்ந்து, அதை ஓர் ஏட்டில் குறித்துவைப்பதே பாதுகாப்பானது.

உபுண்டுவில் வலையமைப்பு அமைவுகளைக் கையாளும் நெட்பிளான் என்னும் கருவி மௌனத்தை நேர்மாறாகப் படிக்கிறது. அதன் 'டிரை' கட்டளை புதிய முகவரியைச் சோதனைக்காக நடைமுறைப்படுத்திவிட்டு, ஒப்புதலாக என்டர் விசை அழுத்தப்படுவதற்கு 120 வினாடிகள் காத்திருக்கிறது. தொலைவிலிருந்து பணிபுரியும் நிர்வாகி வெளி வலையமைப்புக்கு வழிவிடும் கேட்வேயின் முகவரி தவறியதால் தொடர்பறுந்து போயிருந்தால் அவரால் விசையை அழுத்த இயலாது என்பதால், பதில் வராதபோது பழைய முகவரியையே அது திரும்ப வைத்துவிடுகிறது.