காலடியில் மண் இல்லாதவர்கள்

2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கும்வரை, வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைச் சனம் அந்தத் துறையில் படகுப் பாதையில் ஏறித்தான் கிழக்கே எழுவான்கரைக்கு வந்து போனது. இப்போது மேலே பஸ் ஓடுகிறது. கீழே வாவித் தொழில் பழையபடியே நடக்கிறது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியில் கட்டுவலை, அத்தாங்கு, தூண்டில் என்று பல தொழில்கள் உண்டு. நான் பார்க்கப் போனது வீச்சுவலையை. அதிலும் தோணியில் நின்றபடி வீசுகிறவர்களை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வீசுவது வேறு விஷயம். அங்கே காலடியில் மண் இருக்கிறது, உந்தினால் தாங்கும். தோணியில் அந்த நம்பிக்கை கிடையாது.

அறுபதைக் கடந்த ஒரு பெரியவர் என்னை ஏற்றிக்கொண்டார். அவர் முன்னே அணியத்தில் நிற்க, அவருடைய மருமகன் பின்னே கடையாலில் இருந்து சவள் போட்டான். எனக்கு நடுவில் இடம். "தம்பி, ரெண்டு கரையையும் இறுக்கிப் புடிக்காதீங்க. தோணி ஆடினா நீங்களும் ஒள்ளுப்பம் ஆடுங்க" என்றார். அன்று காலை அவர் வாய்திறந்து சொல்லித்தந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் உடம்பைப் பார்த்து நானே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கயிற்றின் நுனிவளையம் இடது மணிக்கட்டில் கிடக்கிறது. வலையை மடித்து மடித்து இடது கையில் சேர்க்கிறார். ஒரு பங்கு இடது முழங்கையின் மேல் தொங்குகிறது, ஈயமணி கோத்த விளிம்பு வலது கையில். நனைந்த நைலோன் நூல்வலை தோளைக் கீழே இழுக்கும் பாரம் உடையது. தங்கூசி வலை இதைவிட இலேசு, ஆனால் நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. இத்தனை பாரத்தையும் ஏந்தியபடி அவர் கால்களை அகட்டி, முழங்கால்களைச் சற்று மடித்து நிற்கிறார். இடது பாதம் முன்னே, வலது பாதம் பின்னே. இரண்டும் தோணியின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் பிரிந்திருக்கின்றன. ஒரே கோட்டில் வைத்தால் தோணி ஒரு பக்கம் சரியும்போது தாங்கிக்கொடுக்க மறுபக்கத்தில் கால் இருக்காது.

பிறகு உடம்பை வலப்பக்கம் பின்னோக்கிக் கிறுக்குகிறார். ஒரு கணம் அப்படியே நிற்கிறார். வீச்சு தொடங்குவது கையில் என்றுதான் முதல் சில வீச்சுகளில் நினைத்துக்கொண்டிருந்தேன். குதிக்காலைக் கவனித்தபின்தான் பிடிபட்டது. வலது குதிக்கால் முதலில் எழும்புகிறது. அதோடு இடுப்பு திரும்புகிறது. இடுப்பு திரும்பி முடிவதற்குள் தோள் புறப்படுகிறது. கை எல்லாவற்றுக்கும் கடைசி. வலை வட்டமாக விரிந்து தண்ணீரைத் தொடும்வரை தலை அசைவதே இல்லை.

கோல்ஃப் விளையாட்டில் மட்டையை மேலிருந்து பந்துக்கு இறக்குகிற வீச்சுக்கும் பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுப்பது இந்த ஒழுங்கைத்தான். 1889இல் தொடங்கிய நுவரெலியாக் கழகத்தின் புல்வெளியில் ஒருவர் மட்டையை இறக்கும்போதும் இடுப்பு முதலில், பிறகு தோள், பிறகு கை, கடைசியில் மட்டை. எல்லாம் ஏறத்தாழக் கால் நொடிக்குள் நடந்து முடியும். ஒன்று வேகம் தணியும்போது அந்த வேகம் அடுத்ததற்குக் கைமாறுகிறது. உடம்பின் பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்குப் போகிறது. வீச்சு முடியும்போது ஆட்டக்காரர் முன்காலில் அசையாமல் நிற்க வேண்டும்.

தோணிக்காரருக்கு இந்தக் கடைசி வசதி இல்லை. பாரம் முழுவதையும் முன்காலுக்குக் கொடுத்தால் அணியம் தாழும், தோணி பின்னுக்கு வழுக்கும். உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் மிதக்கும் தோணி எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஆகவே அவர் பாரத்தைப் பாதிவழியில் நிறுத்துகிறார். கோல்ஃப் ஆட்டக்காரரின் சப்பாத்து முள் புல்தரையைப் பற்றிக்கொள்கிறது. இவருடைய வெறும் பாதம் ஈரப் பலகையில் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோணி வீச்சே கடினமானது என்பேன்.

அதிலும் ஆபத்தான கணம் வலை கைவிட்டுப் போகும் கணம். அதுவரை முன்னே இழுத்த பாரத்துக்கு ஈடாக உடம்பு பின்னே சாய்ந்திருக்கும். பாரம் சட்டென்று இல்லாமல் போனதும் சாய்வுக்கு எதிர்ப்பிடி கிடையாது. பழகாதவர்கள் விழுவது அப்போதுதான். பெரியவர் வலையை விடும் அதே நேரம் முழங்காலை இன்னும் ஒரு சாண் தாழ்த்திவிடுகிறார். பின்னால் மருமகனும் சவளைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்து, இடுப்பை எதிர்ப்பக்கம் ஒதுக்குகிறான். இருவருக்கும் இடையில் ஒரு சைகைகூட இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடையாலில் இருப்பவனின் வேலை இரட்டிப்பாகும் என்றான். வீசுகிறவரைப் புகழ்கிறோம், தோணியை நேராக வைத்திருப்பவனுக்கும் அந்த வட்டத்தில் பாதிப் பங்கு உண்டு.

ஈயமணிகள் அடியில் இறங்கும்வரை பொறுத்து, கயிற்றை மெல்ல இழுக்கிறார். சில இறால், இரண்டு மணலை. அடுத்த வீச்சு.

திரும்பும் வழியில், இளவயதில் ஊர்க் கோயில் களரியில் வடமோடிக் கூத்து ஆடியதாகச் சொன்னார். பாரமான கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு சுழன்று, மத்தளம் நிற்கும் இடத்தில் தானும் தள்ளாடாமல் நிற்பது அந்த ஆட்டம். "அங்கயும் கிறுகுறது லேசு. நிக்கிறதுதான் தொழில்" என்றார். சிறுவர்களுக்கு வலை பழக்கும்போதும் முதலில் மணலில், பிறகு தண்ணீரில் இறக்கி, கடைசியில்தான் தோணியில் ஏற்றுவார்களாம்.

இந்தத் திறமைக்கு உடம்பு கொடுக்கும் விலை பெரிது. கோல்ஃப் ஆட்டக்காரர்களை அதிகம் வாட்டுவது கீழ்முதுகு வலி. முதுகெலும்பை முறுக்கி விடுவிக்கும் அதே அசைவு இங்கே ஒரு காலையில் எத்தனையோ முறை, ஈரச் சுமையோடு நடக்கிறது. பெரியவரால் வலது கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடியவில்லை. இரவில் எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுப்பதோடு சரி. மருமகனுக்கு இப்போதே இடுப்பு பிடிக்கிறது.

கூத்தின் ஆட்டமுறைகளைப் பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் ஆராய்ந்து எழுதி வைத்தார்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் அழகியல் கற்கைகள் நிறுவகம் ஆடலைப் பாடமாகக் கற்பிக்கிறது. வலை வீசும் உடம்பையும் அதே அக்கறையோடு பதிவு செய்ய வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இவர்களுடைய தோளையும் முதுகையும் பரிசோதித்து, எந்த அசைவில் காயம் வருகிறது, எதைச் சற்று மாற்றினால் இன்னும் பத்து வருடம் தொழில் செய்யலாம் என்று சொல்லக்கூடும். ஒரு கமராவும் ஒரு பருவமும் போதும். கேட்டால் தோணியில் ஏற்றிக்கொள்வார்கள். வெள்ளாப்பிலேயே கரைக்கு வந்துவிட வேண்டும்.