வாசலை விட்டுப் போன லாரிகள்

திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. 45 என்னும் எண்ணால் அந்நாளில் அறியப்பட்ட அத்தேசிய நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் செல்லும் லாரிகள் எங்கள் வாசலைக் கடந்தே சென்றன. புதுச்சேரிச் சாலையும் திருவண்ணாமலைச் சாலையும் வந்து கூடும் ஊர் அது. விழுப்புரத்தில் வாழ்ந்த எங்கள் உறவினர் நிலையும் இதுவே. இரவெல்லாம் சுவர் அதிரும். மாலையில் செபமாலை சொல்லும்போது பாதி மன்றாட்டு ஹாரன் ஒலியில் மறைந்துபோகும். பிள்ளைகளை ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்பினால், அவர்கள் திரும்பும்வரை அம்மா வாசற்படியை விட்டு அகலமாட்டார்.

2000-ஆம் ஆண்டுக்குப் பின் சாலை நான்கு வழியாக விரிந்தது. இரண்டு ஊர்களுக்கும் புறவழிச்சாலை வந்தது. லாரிகள் ஊருக்கு வெளியே போயின. சாலையோரக் கடைக்காரர் சிலருக்கு வியாபாரம் குறைந்தது உண்மைதான். ஆயினும் அன்றிரவு நிம்மதியாக உறங்கி எழுந்த நாங்கள், ஆண்டவருக்கு நன்றி கூறினோம்.

கத்தோலிக்கர் மிகுந்த அயர்லாந்தின் தலைநகரான டப்ளினிலும் இதே தொல்லை இருந்தது. துறைமுகத்து லாரிகள் நகரத் தெருக்களை அடைத்துக்கொண்டன. சுற்றிப்போக வெற்று நிலம் இல்லாத அந்நகரத்தார், பூமிக்கடியில் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளத்திற்கு இரட்டைச் சுரங்கம் குடைந்து 2006 டிசம்பரில் திறந்தனர். மறு ஆண்டு முதல், ஐந்து அச்சும் அதற்கு மேலும் கொண்ட லாரிகள் பகல் வேளையில் நகர மையத்தில் நுழையக் கட்டுப்பாடு வந்தது. லாரிகள் விரும்பி அவ்வழியே செல்லட்டும் என்று அவற்றுக்குச் சுங்கத்தையும் விலக்கினர். ஆனால் சுரங்கம் வெட்டியபோது, அதன் மேலே குடியிருந்தோர் தம் வீடுகளில் விரிசல் கண்டதாக முறையிட்டனர். ஒருவர் சுமையை இறக்கினால் அது எங்கோ மற்றொருவர் தலையில் ஏறுகிறது.

இவ்வுண்மையை எங்களுக்குக் கற்பித்தவர் ஒரு மூதாட்டி. விழுப்புரத்தில் ஒரு திருமணத்திற்குச் சென்று காரில் திரும்பும் மாலையில், டயர் பழுதாகிப் புறவழிச்சாலை ஓரத்தில் நின்றோம். தலையில் புல்லுக்கட்டுடன் அவர் சாலையின் நடுத்திட்டில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் டயரை மாற்றி முடித்தபோதும் அங்கேயே நின்றார். எங்கள் இளைய மகன் வண்டிகள் ஓய்ந்த நேரம் பார்த்து ஓடிச்சென்று, அவர் கையைப் பற்றி அழைத்து வந்தான்.

"அடியில் போகிற வழி இல்லையா ஆயா?" என்று கேட்டோம்.

"இருக்குதய்யா, ரொம்பத் தூரம் சுத்தணும். வீடு இந்தப் பக்கம், கழனி அந்தப் பக்கம். ரோடு நடுவுல வந்துடுச்சு. தினம் ரெண்டு தடவை உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறேன்" என்றார் அவர்.

வீடு சேரும்வரை எங்களுள் எவரும் பேசவில்லை. எங்கள் வாசலை விட்டுப் போன லாரிகள் அவர் வாசலுக்குப் போயிருந்தன. எங்கள் அம்மா பிள்ளைகளுக்காக நின்ற அந்நிலையில், இன்று வேறொரு தாய் நிற்கிறார். நாங்கள் சொன்ன நன்றி மன்றாட்டில் அவருக்கு இடம் இருந்ததில்லை.

புறவழிச்சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை; அதனால் காக்கப்பட்ட உயிர்கள் பல. கழனிக்குப் போகிறவருக்கு அண்மையில் ஒரு சுரங்கப்பாதையும், கடக்குமிடத்தில் விளக்கும் வேண்டும் என்றே சொல்கிறோம். கிராம சபையில் அதைக் கேட்கும் மக்களோடு, ஊருக்குள் அமைதியாக வாழும் நாமும் கையொப்பமிடலாம். வண்டி ஓட்டுவோர் சிற்றூர் அருகே வேகத்தைக் குறைக்கலாம். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட குருவும் லேவியனும் விலகிச் சென்றனர்; சமாரியனோ நின்றான். அன்று டயர் பழுதாகாதிருந்தால் நாங்களும் நின்றிருக்கமாட்டோம். இப்போது எங்கள் வீட்டுச் செபமாலையில் ஒரு மன்றாட்டு அந்த மூதாட்டிக்காக.