நான் சொன்ன பொய்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் பக்கம் கிள்ளை எம்.ஜி.ஆர். திட்டு வரை அலை புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

நான் அப்போது இதே பாலிடெக்னிக்கில் இரண்டாமாண்டு. என்.எஸ்.எஸ். சார்பில் கிள்ளைப் பக்கம் ஒரு முகாமுக்குப் போனோம். துணி பிரிப்பது, சோறு போடுவது, இதுதான் வேலை. ஏழு வயசுப் பையன் ஒருவன் என் சட்டையைப் பிடித்து, "அண்ணே, எங்க அம்மா எப்ப வரும்?" என்றான். அம்மாவை அடக்கம் செய்தாகிவிட்டது. அவன் பாட்டிக்குச் சொல்ல மனசு வரவில்லை. நானும், "வந்துடுவாங்கடா, நீ சாப்பிடு" என்றேன். சாப்பிட்டான். எனக்கோ ஏதோ புண்ணியம் செய்த நினைப்பு!

மறுநாளிலிருந்து அவன் வாசலை விட்டு நகரவில்லை. வருகிற ஒவ்வொரு வேனையும் எழுந்து எழுந்து பார்ப்பான்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் சுனாமிக்குப் பிறகு உள்ளூர்த் தொண்டர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்தது. அப்படிப் பயிற்சி பெற்ற அக்கா ஒருவர் ஜனவரியில் வந்தார். கவுன்சிலிங் என்றால் உட்கார வைத்துப் புத்தி சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். (அப்போது நமக்குத் தெரிந்த கவுன்சிலிங் எல்லாம் அண்ணா யுனிவர்சிட்டி அட்மிஷன்தானே!) அக்கா அதிகம் பேசவேயில்லை. தாளும் கலர் பென்சிலும் கொடுத்தார். பையன் இரண்டு நாள் தாள் முழுக்கக் கறுப்பு அடித்தான். மூன்றாம் நாள் மூலையில் ஒரு கை வரைந்தான்.

"யாரு கைடா கண்ணு?"

"அம்மா கை. நான்தான் விட்டுட்டேன்."

இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டா வேன் பார்த்தான்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "நீ விடல கண்ணு. அலைதான் இழுத்துடுச்சு. அம்மா செத்துட்டாங்க. இனிமே வர மாட்டாங்க." பையன் கத்தி அழுதான். நான் தடுக்க ஓடினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

பிறகு தனியே சொன்னார்: "செத்தா திரும்ப முடியாதுன்னு சின்னப் பிள்ளைங்களுக்குச் சட்டுனு புரியாது தம்பி. ஊருக்குப் போயிருக்காங்கன்னா வாசலைப் பார்க்கும். தூங்குறாங்கன்னா, தூங்கவே பயப்படும்."

அன்று இரவு அவன் பாட்டி மடியிலேயே தூங்கினான். அப்புறமும் அழுதான்; ஆனால் வாசலில் உட்காரவில்லை.

போன வருஷம் என் அண்ணன் சிதம்பரத்தில் மாரடைப்பில் இறந்தார். அவர் மகளுக்கு ஆறு வயசு. வீட்டில் எல்லோரும், "அப்பா சாமிகிட்ட போயிருக்காரு" என்றார்கள். அவளோ என்னிடம் வந்து, "சித்தப்பா, திரும்பி எப்ப வருவாரு?" என்றாள். எனக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது. அண்ணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இருவருமாக உள்ளதைச் சொன்னோம்.

ரொம்ப நேரம் அழுதாள். பிறகு மெதுவாக, "நான் சாக்லேட் கேட்டு அடம் பிடிச்சேனே, அதனாலயா?" என்றாள்.

"இல்லடா தங்கம். அப்பாவோட இதயம் நின்னு போச்சு. உன்னால இல்ல."

இன்னும் சில ராத்திரி அதையே கேட்கிறாள். நானும் அதையே சொல்கிறேன்.