உப்பு ஏறிய கிணறு

பாலக்கோட்டுக்காரனுக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சப்பள்ளி அணைக் கெண்டைதான். போன பொங்கல் லீவில் ஹாஸ்டல் அறைத்தோழன், "வாடா மச்சான், வயிறு முட்ட இறால் திங்கலாம்" என்று நாகப்பட்டினம் பக்கத்திலுள்ள தன் கிராமத்துக்கு இழுத்துப் போனான். அவன் அப்பாவுக்கு அங்கே இரண்டு இறால் குளங்கள்.

இறால் கிடைத்தது. குடிக்க மட்டும் கேன் தண்ணீர். கிணற்று நீரை வாயில் வைத்தேன்... உடனே துப்பிவிட்டேன். "முன்னயும் லேசா கரிக்கும் தம்பி. சுத்திக் குளம் வெட்டின பொறவுதான் இப்படி" என்றார் அவன் அம்மா.

தண்ணீர் விஷயத்தில் தர்மபுரி ஜில்லாக்காரன் சும்மா இருப்பானா? 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வரும்வரை புளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து, பல்லில் காவிக்கறை வாங்கியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். நமக்கு வினை பாறையில் இருந்தது. அங்கே மனிதன் வெட்டிய குளத்தில்!

மெக்கானிக்கல் மாணவன் ஆயிற்றே, முதலில் ஏரியேட்டர் மோட்டாரைத்தான் பார்த்தேன். பிறகுதான் அடிச்சேறு கண்ணில் பட்டது. ஒரு கிலோ இறால் வளர ஏறக்குறைய ஒன்றரை கிலோ தீவனம் போகிறது. தின்றது போக மிச்சமும் கழிவும் அடியில் கறுப்பாய்த் தங்கும். அறுவடையன்று மதகைத் திறந்தால் அத்தனையும் வாய்க்காலுக்கு. அதே வாய்க்காலில்தான் அடுத்த பண்ணைக்காரர் தண்ணீர் ஏற்றுகிறார்! 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் பண்ணை பண்ணையாகத் தாவியதில் என்ன ஆச்சரியம்?

இதற்காகவே சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் அம்மையாரும் நாகை விவசாயக் கூலிகளோடு போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 11.12.1996 அன்று, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு. ஆனால் தீர்ப்பு முழுதாய் நிறைவேறவில்லை. 2005-இல் தனிச் சட்டம் வந்து, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழிவிட்டது. 2009-இல் வனாமி இறால் வந்தபோது, சிறிய பண்ணையானாலும் கழிவுநீர்க் குட்டை வேண்டும் என்று விதி எழுதினார்கள். காகிதத்தில் குறையே இல்லை. நார்வேயில் 2017 முதல், சால்மன் பண்ணைப் பேன் காட்டுச் சால்மனை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்த்துத்தான், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதிவாரியாக உற்பத்தியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். நம்மிடம் மதகைத் திறக்கும் நாளில் யார் வந்து பார்ப்பது?

நான் வாய் சும்மா இருக்காமல் அவன் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். "குட்டையில் இரண்டு நாள் தேக்கி, மடவை மீனும் ஆளியும் விட்டால் தண்ணீர் தெளியுமாமே அப்பா?"

அவர் கோபப்படவில்லை. "தெளியும் தம்பி. இருக்கறதே ரெண்டு குளம். ஒண்ணைத் தண்ணி தெளியறதுக்கு வுட்டுட்டா, வட்டியை யாரு கட்டுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் நானும் நண்பனும் பேசவே இல்லை. சேலம் தாண்டித்தான், "பக்கத்து நாலு குளத்துக்காரங்க சேர்ந்து ஒரே குட்டை போட்டா?" என்றான்.

இந்த வருஷம் எங்கள் பிராஜக்ட் அதுதான். குளத்தின் நடுவிலிருந்து சேற்றை உறிஞ்சும் சின்ன பம்ப் என் பொறுப்பு, விலைதான் இடிக்கிறது. கிணற்றுக்கு உப்பு கசியாமல் கரையைச் சுற்றி வாய்க்கால் வெட்ட மண்வேலை எஸ்டிமேட் போடத் தெரியவில்லை. சிவில் பிரிவு நண்பர்களே, யாராவது மாலையில் எங்கள் அறைக்கு வாருங்களேன். கருவாடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.