பஸ் நிற்கும் இடத்தில் பரிசல் புறப்படும்... மாயாற்றைக் கடந்தால் தெங்குமரஹாடா!

மதுக்கரைக்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல் தெரியும், சிமென்ட் ஆலை தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் ஆளையே தள்ளும் காற்றும் தெரியும். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறுதான் பக்கத்தில் இல்லை. வீட்டுப் பிள்ளைகள் பரிசலில் போகணும் என்று அடம்பிடித்தால், கோவையைத் தாண்டி வடக்கே வண்டியை விட வேண்டும்.

அப்படிக் கிளம்பும் குடும்பங்களில் பல, காரமடை வழியாகப் பரளிக்காடு போகின்றன. பில்லூர் அணைக்குப் பின்னால் பவானித் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் அது. வனத்துறையின் சூழல் சுற்றுலா. பரிசல் ஓட்டுவதும் மதியச் சாப்பாடு போடுவதும் அங்குள்ள பழங்குடி மக்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போனால், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஒரு நாளை நிம்மதியாகக் கழித்துவிட்டு வரலாம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், அது நின்ற தண்ணீர்.

ஓடுகிற தண்ணீரில், வயலும் வீடும் இருக்கிற ஊருக்கே பரிசலில் போவது வேறு அனுபவம். அதற்கு அன்னூர், புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர் போய், காராச்சிக்கொரை சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். அதன் பிறகு சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். யானைக்கும் மானுக்கும் வழிவிட்டு ஊர்ந்து போகிற காட்டுப் பாதை, மாயாற்றங்கரையில் முடிகிறது. பஸ்ஸும் அங்கேயே நின்றுவிடும். அக்கரையில் தெங்குமரஹாடா. கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு, மலையடிவாரத்தில் பச்சைப் பாயை விரித்ததுபோலத் தெரியுமே, அந்த ஊர்தான். நீலகிரி மாவட்டத்து ஊருக்கு ஈரோடு மாவட்டம் வழியாகப் போக வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, தார் பூசிய வட்டக்கூடை. புதியவர் கையில் துடுப்பைக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். பழகியவர் பக்கவாட்டில் துழாவுவதில்லை. போக வேண்டிய திசையில் துடுப்பை இறக்கி, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். கூடை அந்தத் திசையில் நகர்கிறது. எதிர்க்கரையில் இறங்க வேண்டிய இடத்துக்கு நேராகவும் அவர் புறப்படுவதில்லை. கொஞ்சம் மேலே போய்க் கிளம்பினால்தான், ஆற்றின் இழுப்பு சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். பாறை தட்டி நுரைக்கும் இடம், ஆழம், சுழி எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஏறியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுந்து நிற்காமல் இருப்பது. மாயாற்றில் முதலைகள் உண்டு என்பதால், தண்ணீரில் கையை விட்டு அளைகிற ஆசையையும் அடக்கிக்கொள்வது நல்லது.

சில நிமிடப் பயணம்தான். ஆனால் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சில நேரம் பைக், காய்ச்சல்காரர், பிரசவத்துக்குப் போகிறவர் என எல்லாமே இந்தக் கூடையில்தான் போய்வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் ஜீப் இறங்கிக் கடக்கும். வெள்ளம் வந்தால் பரிசலும் இல்லை, ஊர் துண்டாகிவிடும். இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம். நீலகிரி மேட்டில் மழை கொட்டினால் மாயாறு இங்கே பொங்கும். பாலம் வேண்டும் என்பது ஊரின் பல வருடக் கோரிக்கை.

காட்டுக்கு நடுவே விவசாயம் வந்தது 1948-ல். உணவுப் பஞ்சம் தீர உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று, கூட்டுறவுச் சங்கம் அமைத்து வனநிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது அரசு. சுமார் 500 ஏக்கர். அதே வருஷம்தான் கீழே பவானிசாகர் அணையின் வேலையும் தொடங்கியது. நெல், வாழை, மஞ்சள், மிளகாய் என்று விளைந்தது. தெங்குமரஹாடா மிளகாய் என்றால் சந்தையில் இன்றும் தனிப் பெயர்.

இப்போது அந்த ஊரையே காலி செய்யும் பேச்சு நடக்கிறது. சத்தியமங்கலம், முதுமலை காப்பகங்களுக்கு இடையே புலியும் யானையும் நடமாடும் வழி இது. தென்னிந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டும் முக்கியமான இடமும் மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். குடும்பத்துக்கு 15 லட்சம் வீதம் 495 குடும்பங்களுக்கு 74.25 கோடி ரூபாயைத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழங்க வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. சோறு விளைக்கச் சொல்லி அரசே கொண்டுவந்து வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, வாழ்ந்த மண்ணுக்கு 15 லட்சம் ஈடாகுமா என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் இங்கே போக முடியாது. சும்மா சுற்றிப்பார்க்கக் கிளம்பிப் போய்ச் சோதனைச்சாவடியில் திரும்ப வேண்டாம். அனுமதியோடு போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றைக் கடந்து திரும்பிவிட வேண்டும். இருட்டினால் அந்தப் பாதை யானைகளுக்கு. கரையில் பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், காலையில் முதல் பஸ் வரும்வரை.