குண்டளை ரயில் போன திசை

மூணாறு தேயிலை அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் இலை வறுபடும் வாசத்தைப் பிடித்துக்கொண்டு நேராகத் தேநீர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். ஓரமாக இருக்கும் ரயில் சக்கரத்தின் முன்னால் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை.

டாடா டீ நிறுவனம் 2004-இல் நல்லதண்ணி எஸ்டேட்டில் திறந்த இடம் இது. துரைமார் பங்களாக்களில் புழங்கிய மரச்சாமான்கள், பழைய தொலைபேசி, தட்டச்சுப் பொறி, 1905-ஆம் ஆண்டின் இலை உருட்டும் இயந்திரம், கன்னிமலை எஸ்டேட் மின் நிலையத்தில் சுழன்ற பெல்டன் சக்கரம் எல்லாம் உண்டு. விக்டோரியா ராணி காலத்து வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வீட்டைப் பூட்டாமல் கிளம்பிவிட்டதோ என்று தோன்றும். தேயிலைக்கெல்லாம் மிக முந்திய ஈமத்தாழி ஒன்றும் இருக்கிறது. பெரியகானல் பக்கம் கிடைத்தது. 1913-இல் செய்த கருங்கல் சூரியக் கடிகாரத்தைச் செய்து கொடுத்தது நாசரேத் கலைத் தொழிற்பள்ளி. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தேதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிக்கு ஒரு கடிகாரம் நாசரேத்திலிருந்து ஏறி வந்திருக்கிறதென்றால், இந்த ரயில் சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து ஓடியது? இன்று கொச்சியிலிருந்து அடிமாலி வழியாக வருகிறவர்களுக்கு மூணாறின் வாசல் மேற்கே இருப்பதாகத்தான் படும். சக்கரத்தின் பூர்விகத்தைத் தேடிப்போனால் கதை கிழக்கே இழுக்கிறது.

சக்கரம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலுடையது. 1902-இல் அது தொடங்கியபோது ஒற்றைத் தண்டவாளம்தான். எவிங் முறை என்பார்கள். வண்டியின் பாரம் ஏறக்குறைய முழுவதையும் ஒரே தண்டவாளம் தாங்கும். வண்டி சாயாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாதாரண மண் சாலையிலேயே உருளும். இழுத்தவை மாடுகள். விளையாட்டுப் பொருள் மாதிரி இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானம் 1907-இல் இதே முறையில் ரயில் விட்டது. அதன் ஜெர்மன் எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூணாறு மாடுகளுக்கு 1908-இல் ஓய்வு கிடைத்தது. இரண்டடி அகலக் குறும்பாதை போட்டு எஞ்சின் விட்டார்கள்.

பாதை மூணாறில் புறப்பட்டு மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரை போனது. அந்த ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த ரயிலால்தான். அங்கே தண்டவாளம் முடிந்துவிடும், மலையும் முடிந்துவிடும். தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே கோட்டகுடிக்கு இறக்குவார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். போடிக்கே ரயில் வந்தது 1928-இல்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், லண்டனில் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் இங்கே எத்தனை மாடுகளுக்கு மூச்சு வாங்கியிருக்கும் என்று புரியும்.

இன்னும் பின்னால் போனாலும் திசை மாறவில்லை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தது பூஞ்சாறு அரசரிடம். அந்த அரச குடும்பம் தன்னை மதுரைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்வது; மீனாட்சியைக் கும்பிடுவது. ஆக, நிலத்தைக் கொடுத்தவர் கிழக்கிலிருந்து வந்த வம்சம். காட்டை அழித்துச் செடி நட, கங்காணிகள் கூட்டிவந்த ஆட்களும் பெரும்பாலும் கிழக்கே, தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏறியவர்கள். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் இன்றுவரை பேச்சு தமிழில்தான் நடக்கிறது. துரை உட்கார்ந்த நாற்காலி கண்ணாடித் தடுப்புக்குள் போய்விட்டது. லயம் போகவில்லை, அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

திசை திரும்பியது 1924 ஜூலையில். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்லும் அந்தப் பெருமழை, தண்டவாளங்களைப் பிய்த்துக்கொண்டு போனது. ரயிலைத் திரும்பப் போடவில்லை. 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் திறந்தபின் மேற்கு வாசல் விரிந்தது. மூணாறு ரயில் நிலையமாக இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. இன்றும் அங்கே கோப்புகள் புரள்கின்றன.

ஆனாலும் கிழக்கு வாசல் அடைபட்டுவிடவில்லை. போடி ரயில் அகலப்பாதையாகி 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. அந்த ஊரிலிருந்து விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டக் கூலியாட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே பாதையில் ஊர் திரும்புகின்றன.